வார்மருக்கு முன்னும் பின்னும்

கோலியனூர் கூட்டுரோட்டில் புதுச்சேரிச் சாலையும், பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் பிரிகின்றன. இந்த வட்டாரத்தில் ஒரு குழந்தை எடை குறைந்தோ மூச்சுத் திணறியோ பிறந்துவிட்டால், நூற்றெட்டு வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டே திசைதான். ஒன்று, விழுப்புரம் நகரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இன்னொன்று, புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். “முண்டியம்பாக்கத்துக்கு எழுதிட்டாங்க” என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். “பெட்டியில வெச்சிருக்காங்க” என்றால் இன்னும் நன்றாகவே புரியும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் அந்தப் பெட்டி இங்கே வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். மாவட்ட அளவிலான பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு இந்தியாவில் முதன்முதலாக மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003இல்தான் தொடங்கியது. அதுவரை ஒன்றரைக் கிலோ குழந்தை என்றால் பெருநகரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது வீட்டிலேயே துணியில் சுற்றி வைத்துக் காத்திருக்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து அனைத்தும் இலவசம் என்றது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 25 என்றால், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 13. கிராம சுகாதாரச் செவிலியர்களும், இரவு பகலாகத் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், அரசு மருத்துவர்களும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்த எண் அது. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் 13 ஒரு சராசரி. எந்தத் தெருக் குழந்தைகள் அந்தப் பதின்மூன்றில் அதிகம் என்று அது சொல்லாது.

நாடு தழுவிய கணக்கு ஓரளவு சொல்கிறது. 2015–16இல் நடந்த நான்காவது குடும்பநலக் கணக்கெடுப்பில், பிறந்த முதல் மாதத்தில் இறந்த குழந்தைகள் பட்டியல் சாதியினரிடம் ஆயிரத்துக்கு 33, பழங்குடியினரிடம் 31. இந்தப் பிரிவுகளிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் சேராத ‘மற்றவர்’களிடம் 23. ஆயிரத்துக்குப் பத்துக் குழந்தைகள் வித்தியாசம். விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்த வித்தியாசம் தூரத்துச் செய்தி இல்லை. கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காட்டுக்கு மேல். மாநிலத்தில் 20 விழுக்காடு. அதாவது இங்கே ஏறக்குறைய பத்தில் மூன்று குழந்தைகள் காலனியில் பிறக்கின்றன.

நிறவெறியும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் என்ற தலைப்பில் அமெரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளாக விரிவான ஆய்வுகள் நடந்துவருகின்றன. நம் நாட்டில் அதே கேள்வியைச் சாதியை வைத்துக் கேட்டாக வேண்டும். 2001இல் இனவெறிக்கு எதிராக டர்பனில் நடந்த உலக மாநாட்டில் சாதியை இனப்பாகுபாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்று பெரிய வாதம் நடந்தது. கூடாது என்றது இந்திய அரசு. மறு ஆண்டே ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. மாநாட்டு அரங்கில் அந்த வாதம் இன்னும் நீளட்டும். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்குத் தோலின் நிறம் என்ன செய்கிறதோ, அதைத் தெருவின் பெயரும் செய்ய முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி.

தெருவின் பெயருக்கு இந்த வட்டாரத்தில் என்ன வலு இருக்கிறது என்று காட்ட நெடுந்தூரம் போக வேண்டாம். கோலியனூரை அடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததற்காக 2023 ஏப்ரலில் பட்டியல் சாதி இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தது. உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. கோயில் பூட்டிக்கிடந்த காலத்திலும் ஊரிலும் காலனியிலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். எடை குறைந்து பிறந்தவர்களை ஒரே வண்டி ஒரே மருத்துவமனைக்குத்தான் ஏற்றிப் போயிருக்கும். அரசு மருத்துவமனைகளில் நெரிசலான நாட்களில் வெப்பம் தரும் ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்கவைப்பதும் உண்டு. ஊர்க்காரர் வீட்டுக் குழந்தையும் காலனிக் குழந்தையும் ஒரே வெப்பத்தில், தோளோடு தோள் ஒட்டிக் கிடப்பதை இந்த மாவட்டத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது.

அப்படியானால் வார்டுக்குள் சாதி இல்லையா? வார்மர் சாதி பார்க்காது என்பது உண்மை. வார்மருக்கு முன்னால் என்ன நடந்தது, வார்மரைச் சுற்றி யார் நிற்கிறார்கள், குழந்தை வீட்டுக்குப் போன பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள் என்ற மூன்றிலும் சாதி இருக்கிறது. என் கணிப்பில் இந்த மூன்றிலும் கடைசியில்தான் அது அதிகம்.

முன்னால் நடப்பதிலிருந்து தொடங்குவோம். 1,600 கிராம் எடையோடு, ஆறு வாரம் முன்கூட்டியே பிறந்த ஒரு குழந்தையை மனதில் வைத்துக்கொள்வோம். பிறந்த எடை 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடைக்குறைவு. 1,500க்குக் கீழே போனால் ஆபத்து பல மடங்கு. அந்த எடை பிரசவ அறையில் முடிவாவதில்லை. தாய்க்கு ரத்தசோகை, பதினெட்டு வயதை ஒட்டி நடந்த கல்யாணம், ஏழாம் மாதம் வரை கரும்பு வெட்டு, நாற்று நடவு, சித்தாள் வேலை, அவள் சிறுமியாக இருந்தபோதே வளராமல் போன உடம்பு என்று பலவும் சேர்ந்து எழுதும் எண் அது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம் 18,000 ரூபாய் வரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் தவணை வந்து சேரும்போது கர்ப்பத்தின் மாதங்கள் கடந்திருந்தால், அந்தப் பணம் கடனை அடைக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேராது.

இதெல்லாம் வறுமைதானே, சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அதற்கு விடையும் இருக்கிறது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவர் இந்தியாவின் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினர் நான்கு ஆண்டுகளுக்கு மேல், பட்டியல் சாதியினர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவாக வாழ்கிறார்கள் என்று அது கண்டது. சொத்தையும் வசதியையும் கணக்கில் கழித்த பிறகும் இடைவெளியில் பெரும்பங்கு அப்படியே நின்றது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. வட, மத்திய, கிழக்கு மாநிலங்கள் அவை. ஆனால் வறுமையைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகும் என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்று அது காட்டிவிட்டது. கன்சியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஊரகத் தீண்டாமை ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு கிராமத்தில், அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போகவில்லை. இதையும் வறுமை என்று சொல்லிவிட முடியாது.

இனி, அந்த 1,600 கிராம் குழந்தையின் முதல் மணி நேரம். தாயின் வயிற்றுக்குள் 37 டிகிரியில் இருந்தது. வெளியே வந்ததும் ஈரம் துடைக்காமல் விட்டால் நிமிடத்துக்கு நிமிடம் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். 36.5க்குக் கீழே இறங்கினால் குளிர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள். குளிர்ந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், மூச்சு சோரும், தொற்று எளிதில் பிடிக்கும். முண்டியம்பாக்கத்தில் வார்மர் காத்திருக்கிறது, அது போதாது. கோலியனூரிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை குழந்தை எந்தச் சூட்டில் இருந்தது என்பதுதான் அங்கே அது பிழைக்குமா என்பதைப் பாதி முடிவு செய்கிறது. தாயின் மார்போடு வெறுந்தோலில் ஒட்டிக்கட்டி அனுப்பினால், அதைவிட நல்ல வார்மர் கிடையாது. ஆனால் தாயை மருத்துவமனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, பாட்டி மடியில் துண்டில் சுற்றிய குழந்தையை மட்டும் ஏற்றி அனுப்புவது இன்றும் நடக்கிறது. யார் வலியுறுத்திக் கேட்கிறார்களோ, யாருடைய வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவர் கூட வருகிறாரோ, அவர்கள் குழந்தை சூடாகப் போகிறது. கேட்டுப் பழக்கமில்லாதவர்களின் குழந்தை குளிர்ந்து போகிறது. கேட்கும் பழக்கமும் கேட்காத பழக்கமும் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஐந்து நாட்களில் 11 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடைக்குறைவு, தாமதமாக அனுப்பப்பட்டது என்று அரசு காரணம் சொன்னது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எடைக்குறைவும் தாமதமும் எந்தத் தெருக்களிலிருந்து வந்தன என்று அந்த விளக்கம் கேட்கவில்லை. இறந்ததற்குக் காரணம் குழந்தையின் எடை என்று சொல்லி முடித்துக்கொள்வது, குழந்தையின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நகர்வதுதான்.

அமெரிக்க ஆய்வு ஒன்று இந்த இடத்தில் நமக்கு நன்றாகப் பாடம் சொல்கிறது. புளோரிடா மாநிலத்தில் 1992 முதல் 2015 வரை நடந்த 18 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்த கிரீன்வுட் குழு 2020இல் ஒரு முடிவை வெளியிட்டது. கறுப்பினக் குழந்தைகளைக் கறுப்பின மருத்துவர்கள் கவனிக்கும்போது, வெள்ளையினக் குழந்தைகளோடு ஒப்பிட்ட இறப்பு இடைவெளி பாதியாகக் குறைகிறது என்பது அந்த முடிவு. உலகெங்கும் பேசப்பட்டது. 2024இல் போர்ஹாஸ், வெர்புருக்கன் இருவரும் அதே தரவை மறுபடி எடுத்து, 1,500 கிராமுக்குக் குறைந்த எடை என்ற ஒன்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். மருத்துவரின் இனத்தால் வரும் வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துபோனது. மிகக் குறைந்த எடையோடு பிறந்த கறுப்பினக் குழந்தைகள் பெரும்பாலும் வெள்ளையின மருத்துவர்களிடம் போயிருந்தார்கள். முதல் ஆய்வு அதைக் கவனிக்கவில்லை. இனவெறி இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகச் சிலர் துள்ளினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கறுப்பினக் குழந்தைகள் ஏன் இவ்வளவு அதிகமாக ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கிறார்கள் என்ற கேள்வி இன்னும் கனமாக அங்கேயே நிற்கிறது. வித்தியாசம் பிரசவ அறைக்கு முன்பே உண்டாகிவிட்டது என்பதுதான் மறு ஆய்வு சொன்ன சேதி.

அதனால் வார்டுக்கு அதில் பங்கில்லை என்று ஆகிவிடாது. நியூயார்க் நகரத்தில் எலிசபெத் ஹோவெல் குழு 45 மருத்துவமனைகளைப் பார்த்து 2008இல் எழுதியது: எடை மிகக் குறைந்த கறுப்பினக் குழந்தைகள், வெள்ளையினக் குழந்தைகள் பிறக்கும் அதே மருத்துவமனைகளில் பிறந்திருந்தால் இறப்பு இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. விழுப்புரத்தில் தனியார் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்கு நாள் வாடகை ஆயிரங்களில் போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அதற்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். சாதிச் சான்று வாங்கவே வருடக்கணக்கில் அலைந்த திண்டிவனம் வட்டார இருளர் குடும்பங்களுக்கு ஒவ்வொரு தாளும் ஒரு மதில். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டிய பேராசிரியர் பிரபா கல்விமணி பல்லாண்டுகளாகப் போராடுவதில் பெரும்பகுதி அந்தத் தாள்களுக்காகத்தான்.

வார்டுக்குள் போவோம். பிறந்த குழந்தையின் பாதத்தைச் சுற்றி ஒரு சின்னப் பட்டை. அதில் சிவப்பு வெளிச்சம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சிஸ்டர் ஆக்சிஜனைக் கூட்டுகிறார், குறைக்கிறார். 2020இல் அமெரிக்காவில் ஷோடிங் குழு பெரியவர்களிடம் செய்த ஆய்வில், அந்தக் கருவி கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை, வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது தெரிந்தது. கருந்தோலில் எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. குறைமாதக் குழந்தைகளிலும் இதே போக்கைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் கண்டன. வெளிர்தோலை அளவுகோலாக வைத்துச் செய்த கருவியை, முண்டியம்பாக்கத்திலும் ஜிப்மரிலும் நம் குழந்தைகளின் பாதத்தில்தான் கட்டுகிறோம். நம் தோலுக்கு அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் கருவி வாங்கும் அரசுகளுக்கும் இருக்கிறது.

மஞ்சள் காமாலையிலும் இதே சங்கடம். குழந்தையின் மூக்கையோ நெஞ்சையோ விரலால் அழுத்தி எடுத்து, தோல் எந்த நிறத்தில் திரும்புகிறது என்று பார்ப்பது பழைய முறை. கறுத்த தோலில் அந்தக் கணிப்பு தவறிப்போகும். “கொஞ்சம் மஞ்சளா இருக்கு, காலை வெயில்ல காட்டு” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்குப் பிலிருபின் ஏறி மூளையில் படிந்தால், காது கேளாமையும் வாதமும் வாழ்நாள் முழுக்க. தோலை வைத்துக் கணிக்காமல் ரத்தத்திலோ, தோல்மேல் வைக்கும் கருவியிலோ அளந்து பார்க்க வேண்டும் என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். கறுத்த குழந்தைகளுக்கு அதைத் தவறவிடவே கூடாது.

கருவியைவிடக் கடினமானது வாசல். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தாய்மார்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை எந்த அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். பால் பீய்ச்சிக் கொடுக்கக் கூப்பிடும்போது மட்டும் உள்ளே போவார்கள். சில மணி நேரம் முன்பு தையல் போட்டவள் சிமெண்டுத் தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருப்பாள். உள்ளே குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. கதவில் நிற்பவர் தாயிடம் எப்படிப் பேசுகிறார் என்று சற்று நேரம் கவனித்தால் போதும். ஒருத்திக்கு “கொஞ்சம் இருங்கம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் கூப்பிடறேன்”. இன்னொருத்திக்கு “ஏய், அந்தப் பக்கம் போய் உட்காரு”. உடுத்தியிருக்கும் சேலை, பேசும் பேச்சு, ஊர்ப் பெயர் எல்லாம் சேர்ந்து இந்தப் பிரிவைச் செய்துவிடுகின்றன. யாரும் சாதி கேட்க வேண்டியதில்லை. இந்தியத் தலித் ஆய்வு நிறுவனத்துக்காகச் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், மருந்தைக் கொடுக்கும் விதத்திலும், தொட்டுப் பரிசோதிப்பதைத் தவிர்ப்பதிலும், பேசும் தொனியிலும் பாகுபாடு பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் தொட்டுப் பார்ப்பதைத் தவிர்ப்பது அரிதாகிவிட்டது. தொனி இன்னும் இருக்கிறது. அந்தத் தொனியைக் கேட்ட தாய் அடுத்த முறை சந்தேகம் கேட்கமாட்டாள். குழந்தை பால் குடிக்கவில்லை என்று சொல்லவும் தயங்குவாள்.

இந்த வாசலைத் திறப்பதற்கு இப்போது அறிவியலே காரணம் தந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. இந்தியாவில் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை நிலைபெறும்வரை காத்திராமல், பிறந்த உடனே தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு இறந்தன. இந்த முறையில் 12. நான்கில் ஒரு இறப்பைத் தடுக்கிறது தாயின் தோல். இதற்காகத் தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட வேண்டியிருந்தது. நம் குழந்தை 1,600 கிராம். இந்த ஆய்வின் குழந்தையேதான். அதன் தாய் பார்வையாளர் அல்லள், மருந்து. அவளை வராந்தாவில் உட்காரவைப்பது, மருந்தை அலமாரியில் பூட்டிவைப்பதுதான். நம் வீடுகளில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை மருத்துவ உலகம் ஆராய்ந்து ஏற்று வார்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. அதைப் பிடிக்கும் கையையும் உள்ளே விடுவதில் என்ன தயக்கம்? கட்டில் உள்ளே வந்தால் இன்னொன்றும் நடக்கும். வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவது, யாரை ஒதுக்குவது என்று ஒருவர் முடிவுசெய்யும் அதிகாரம் போய்விடும்.

பின்னால் நடப்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. குழந்தை பிழைத்துவிட்டது, 1,900 கிராம் வந்ததும் டிஸ்சார்ஜ். இனிமேல்தான் அதன் கண்ணுக்கு ஆபத்து. குறைமாதக் குழந்தையின் விழித்திரை ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. அவை கோணலாக வளர்ந்தால் திரை பிரிந்து பார்வை போய்விடும். 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் கண் பார்க்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டு நெறி. அந்த வாரங்களில் பார்த்தால் லேசர் வைத்துக் காப்பாற்றலாம். தவறினால் பெரும்பாலும் எந்த அறுவை சிகிச்சையாலும் மீட்க முடியாது.

இது ஏட்டளவில் உள்ள அச்சம் இல்லை. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. சில மாதங்களில் இரண்டு கண்ணும் போய்விட்டது தெரியவந்தது. தந்தை விடவில்லை, வழக்குத் தொடுத்தார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், எதிர்கால மருத்துவச் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நாடெங்கும் விழித்திரைப் பரிசோதனை மீது கவனம் திரும்ப அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். அந்தத் தந்தைக்குப் பல ஆண்டுகள் வழக்கு நடத்தும் திராணி இருந்தது. அந்தத் திராணி இல்லாத வீடுகளில் போன கண்களைப் பற்றி எந்தத் தீர்ப்பும் இல்லை.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பத்தில் இந்த 1,600 கிராம் குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை வாக்கில் சூளைக்குப் போகும் குடும்பம் மழைக்காலம் தொடங்கும்போதுதான் திரும்பும். சூளை வேறு மாவட்டத்தில் இருக்கும். வார்டில் ஒவ்வொரு நாள் கூடும்போதும் முன்பணம் மேலும் நீளும். மேஸ்திரி ஆள் அனுப்புவார். மருத்துவர் தடுத்தும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குழந்தையை எடுத்துப் போகிறார்கள். வார்டின் ஏட்டில் அது ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று பதிவாகும். அந்தச் சொற்றொடருக்குள் மேஸ்திரியும் முன்பணமும் வீட்டில் விட்டு வந்த மூத்த குழந்தையும் தெரியமாட்டார்கள். வீடு தேடிப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் முறைக்கு அடித்தளம், அபய் பங், ராணி பங் தம்பதியர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் நடத்திய பரிசோதனை. பச்சிளங்குழந்தை இறப்பை 62 விழுக்காடு குறைத்ததாக அது 1999இல் காட்டியது. அந்த முறைப்படி செவிலியர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு சூளைக்குப் போய்விட்டால் யார் போவது? சூளை இருக்கும் ஊரின் செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தை இல்லை. சொந்த ஊர்ச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது, ஆள் இல்லை. முப்பதாம் நாள் கடந்துவிடும்.

இங்கே செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தாய் சேய் நலத்துக்கான ஆர்.சி.எச். பதிவேட்டில் கர்ப்பிணிக்கு ஓர் எண் உண்டு. பிறப்புச் சான்றுக்கே அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு, டிஸ்சார்ஜ் ஆன குழந்தையைச் சூளையிருக்கும் வட்டாரத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியும். மருத்துவமனை வரத் தாய்க்கு இழப்பாகும் கூலியை ஈடு செய்ய முடியும். பச்சிளங்குழந்தையோடு இருப்பவளிடம் முன்பணத்துக்காகக் கட்டாய வேலை வாங்குவது கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதை வருவாய்க் கோட்டாட்சியர் மேஸ்திரிக்கு நினைவூட்ட முடியும்.

மருத்துவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளோரிடா ஆய்வின் வாதம் தளர்ந்துவிட்டாலும், யார் மருத்துவராகிறார் என்பது முக்கியமில்லை என்றாகாது. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும், அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தரப்படும் இடங்களும்தான், கிராமத்திலிருந்து வந்து குழந்தை மருத்துவம் படித்து மாவட்ட மருத்துவமனைக்கே திரும்பும் ஆட்களைத் தந்தன. இந்த முதுநிலை ஒதுக்கீடு சட்டச் சிக்கலில் தடுமாறி, 2020 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே நிலைத்தது. இன்குபேட்டர் வாங்குவதைவிட, அதன் அருகே காலனியின் பேச்சு புரிந்த ஒருவர் நிற்பதை உறுதி செய்வது கடினமான வேலை. தமிழ்நாடு அந்த வேலையைப் பாதிக்கு மேல் செய்திருக்கிறது. செவிலியர், கடைநிலை ஊழியர் நியமனங்களில், ஒப்பந்தமுறை வந்த பிறகு அது பின்வாங்குகிறது என்பது என் வருத்தம்.

கடைசியாகக் கணக்கு. ஆர்.சி.எச். பதிவேட்டில் தாய் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்று ஒரு கட்டம் இருக்கிறது. செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அதை நிரப்புகிறார். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை ஆண்டுதோறும் வெளியிடும் குழந்தை இறப்பு விகிதம் மாநிலம், பாலினம், நகரம், கிராமம் என்று பிரித்துச் சொல்கிறது. சாதி வாரியாகச் சொல்வதில்லை. சேகரித்த தகவல் சேகரித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சாதி வாரியாக வெளியிட்டால் பிரிவினை வளரும் என்பவர்களின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிரிவினையை வெளியே தெரியாமல் மறைப்பதால் அது குறைந்ததாக எந்தச் சான்றும் இல்லை. அமெரிக்காவில் மேலே சொன்ன அத்தனை ஆய்வுகளும், ஆய்வின் மீதான மறு ஆய்வும் நடக்க முடிந்தது, பதிவேடுகளில் இனம் இருந்து, அது ஆராய்ச்சியாளர் கைக்கு வந்ததால்தான்.

2014இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிப்படி, குழந்தை இறப்பு ஒவ்வொன்றும் தணிக்கைக்கு வர வேண்டும். மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் அதைப் பார்க்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் அந்தத் தணிக்கையில் இன்னும் சில வரிகள் சேர்த்துக்கொள்ளட்டும். குழந்தை ஊரிலிருந்து வந்ததா, காலனியிலிருந்து வந்ததா, இருளர் குடியிருப்பிலிருந்து வந்ததா. வார்டுக்கு வந்தபோது உடம்பின் சூடு எவ்வளவு. தாய் உள்ளே இருந்தாளா. ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ எத்தனை பேர், எந்தத் தெருக்களிலிருந்து. முப்பது நாளுக்குள் கண் பார்த்தது எத்தனை குழந்தைகளுக்கு. பெயர்களை நீக்கிவிட்டு, ஒன்றியம் ஒன்றியமாக, ஆண்டுக்கொரு முறை வெளியிடட்டும். கோலியனூர் ஒன்றியத்தின் வரிகளைப் பார்த்தால், எந்தக் காலனியிலிருந்து குழந்தைகள் குளிர்ந்து வருகின்றன, எந்தக் கிராமத்துக்குச் செவிலியர் 14ஆம் நாளோடு நின்றுவிடுகிறார், எந்தச் சூளைக்குக் கண் மருத்துவரை அனுப்ப வேண்டும் என்று வட்டார மருத்துவ அலுவலர் அந்த வாரமே முடிவெடுக்கலாம்.